கடைசிச் சொல்லை எங்களிடம் விட்டவள்

வெள்ளி அலை நடன இசைக்குழுவை விட்டு டெல்பின் தனியாகப் பாடப் போன நாளிலிருந்து, அவளுடைய பாட்டு ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. பந்தல் கொள்ளாத கூட்டம் இருந்தாலும் ஒருவருக்கு, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் ஒருவருக்கு; மற்றவர்களுக்கு அவள் வாய் அசைவது தெரியும், கழுத்து நரம்பு புடைப்பது தெரியும், ஜிகினா வைத்த பாவாடை சுழல்வது தெரியும், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய அதிசயமெல்லாம் பார்த்த ஊர் எங்கள் தருவைப்பட்டினம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பார்த்ததில்லை. என்றாலும் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. படகுக்கு டீசல் போட வேண்டும், மீன் ஏலத்துக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு நடுவில் ஒருத்தியின் பாட்டு இப்படி ஆகிவிட்டது என்றால், சரி, இனிமேல் இப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டோம்.

அதற்கு முன்னால் அவள் பாட்டு எல்லோருக்கும் கேட்டது. கல்யாண வரவேற்பு, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து, புதுப் படகைக் கடலில் இறக்கும் நாள், கோயில் திருவிழா, எதுவானாலும் வெள்ளி அலைக்காரர்களின் பழைய வேன் வந்து நிற்கும், ஐந்து ஆண்களும் டெல்பினும் இறங்குவார்கள். குழுவின் தலைவர் கஸ்பார் டிரம்ஸ் அடிப்பவர், டிரம்ஸ் எப்போதும் மேடையின் பின்பக்கம் என்பதால் அத்தனை வருடமும் அவர் டெல்பினின் முதுகைப் பார்த்துத்தான் வாசித்தார். ஊரையே ஆட வைத்த பாட்டு ஒன்று உண்டு, அதில் கேள்வியை டெல்பின் பாடுவாள், பதிலைப் பாட மாட்டாள். 'அலைக்கு முன்னால கரைக்கு வந்தது யாரு?' என்று பாடிவிட்டு மைக்கை எங்கள் பக்கம் நீட்டுவாள், நாங்கள் எல்லோரும் தொண்டை கிழிய 'நாந்தான்!' என்று கத்துவோம். 'கதவைத் தட்டாம உள்ள வந்தது யாரு?' என்பாள், 'நாந்தான்!' என்போம். பிள்ளைகள் கத்தும், பல் போனவர்கள் கத்துவார்கள், பரிமாறுகிறவர்கள் பிரியாணித் தட்டோடு நின்று கத்துவார்கள். கடைசிச் சொல்லைத் தான் பாடாமல் கூட்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது கஸ்பார் சொல்லிக் கொடுத்த வித்தை, அது டெல்பினின் ரத்தத்தில் ஊறிப்போனது.

மதுரையிலிருந்து வந்த ஓர் ஏஜெண்டு அவளிடம், கூட்டம் உங்களுக்காகத்தானே வருகிறது, பேனரில் உங்கள் பெயர் ஏன் கடைசியில் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், அதனால்தான் அது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கச்சேரி முடிந்து சாலையோரத்தில் வேனை நிறுத்திப் பரோட்டா தின்றுகொண்டிருந்தபோது அவள் கஸ்பாரிடம் சொன்னாள்.

"அண்ணே, நான் தனியாப் பாடலாம்னு இருக்கேன்."

"பாடு."

"கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? கூட்டம் ஒனக்காகத்தான் வருது, எனக்கும் தெரியும். ஆனா கடைசிச் சொல்லை யாருட்ட விடுவ?"

"கூட்டம் இருக்குல்லா?"

"கூட்டத்துக்கு யாரு பிள்ள ஆரம்பிச்சுக் குடுத்தது? நாங்க அஞ்சு பேரு பின்னால இருந்து மொதல்ல கத்துதோம், பெறகுதான அவிய கத்துதாவ?"

அவள் பாதிப் பரோட்டாவை மடித்து வைத்துவிட்டாள். அத்தனை வருடமும் அந்தச் சத்தம் தனக்காக, தன் ஒருத்திக்காக எழும்பிய சத்தம் என்று நம்பியிருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு அவள் வேனில் திரும்பி வரவில்லை, பஸ் பிடித்து வந்தாள்.

முதல் தனிக் கச்சேரி எங்கள் ஊர்ச் சமூகக்கூடத்திலேயே நடந்தது. வாசல் பேனரில் கதவு உயரத்துக்கு அவள் முகம், அதற்குக் கீழே 'தனிக்குரல் டெல்பின்' என்று எழுத்து. வாத்தியத்துக்கு ஆள் கிடையாது, பதிவு செய்து வைத்த இசைதான். அது கொஞ்ச நேரம் நன்றாக அதிர்ந்தது, அவள் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான், இசையும் சேர்ந்து அடங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் மைக் செட் ஞானபாலைத் திட்டினோம். ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவர்தான் மைக் செட், எது நடந்தாலும் ஓரமாக ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஏதாவது கோளாறானால்தான் அவர் அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியும். அவர் ஓடி வந்து மைக்கை வாங்கி 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்றார், கணீரென்று கேட்டது. அவளிடம் கொடுத்தார், அவள் பாடினாள், கேட்கவில்லை. இப்படி அவர் நடையாய் நடந்துகொண்டிருக்கும்போது ஐஸ் கம்பெனியில் ஐஸ்கட்டி உடைக்கிற சவரிமுத்து பின்வரிசையிலிருந்து எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் யாருக்கும் கேட்காத ஒரு தாளத்துக்கு ஆட ஆரம்பித்தான். டெல்பின் பழக்கத்தில் மைக்கை நீட்டினாள். 'நாந்தான்!' என்றான். அவன் குரல் மட்டும் கூடம் முழுக்க ஒலித்தது.

ஒரு வாரத்துக்குள் அதற்குப் பெயர் வைத்துவிட்டோம், பாட்டு விழுவது என்று. இன்றைக்கு யார் மேல் விழுந்தது என்று டீக்கடையில் கேட்பார்கள், போனவாரம் ஆறுமுகநேரியில் ஒரு கண்டக்டர் மேல் விழுந்ததாமே என்பார்கள். பாட்டு விழுந்தவருக்குக் கழுத்தில் மாலை போடுவது, பந்தியில் முதல் இலையில் உட்கார வைப்பது, அவர் ஆடுவதைப் பார்த்து அதேபோல மற்றவர்கள் எல்லோரும் ஆடுவது என்றெல்லாம் வழக்கம் உண்டாயிற்று. சத்தமே இல்லாத பந்தலில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே ஒருவரின் காலைப் பார்த்துக் கால் போடுவார்கள், மணலில் பாதம் உரசுவது மட்டும் கேட்கும். அதில் இன்னொரு மரியாதையும் இருந்தது. டெல்பின் மைக்கை நீட்டும்போது, பாட்டு விழாதவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாக்கு நுனியில் நிற்கும், ஆனாலும் அடுத்தவர் இலையில் கைவைப்பதுபோல அது அசிங்கம் என்று நினைத்தோம். யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே நல்லவர்களாக நடந்துகொண்டோம், அதுதான் நாங்கள் செய்த தப்பு.

டெல்பினுக்கும் தன் பாட்டு கேட்கவில்லை என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தொண்டை அதிர்வது தெரியும், நெஞ்சு காலியாவது தெரியும், காதில் ஒன்றும் விழாது. கச்சேரி முடிந்ததும் பாட்டு விழுந்தவரைத் தேடிப் போய், எப்படி இருந்தது என்று கேட்பாள். ஒருவர் இனிப்பாக இருந்தது என்பார், ஒருவர் கொஞ்சம் கரகரப்பு என்பார், சவரிமுத்து எங்க அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டான். கார் வாங்கினாள், ஊர் ஊராகப் போனாள், தன் முகம் போட்ட பேனருக்குக் கீழே தனியாக நின்று பாடிவிட்டு லாட்ஜ் அறைக்குத் திரும்பி, பார்சலைப் பிரித்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். வேனில் வரும்போது கீபோர்டு வாசிப்பவன் அவள் பொட்டலத்திலிருந்து வடையைத் திருடித் தின்பான், அவள் திட்டுவாள். இப்போது வடை அப்படியே இருந்தது. பெயரும் முகமும் வேண்டும் என்று கேட்டாள், கிடைத்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் முழுக்க ஒரே வாயாக 'நாந்தான்' என்று கத்துவதை இன்னும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அது கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

எல்லாம் மெர்சலினின் கல்யாணத்தில் உடைந்தது. மெர்சலின் படகு முதலாளியின் ஒரே மகள், மாப்பிள்ளை வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்ப்பவர், வரவேற்புக்கு ஊரே திரண்டிருந்தது. டெல்பின் பாடினாள், மைக்கை நீட்டினாள், நாங்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி யார் யார் என்று தேடினோம். மேடையில் மாப்பிள்ளை தன் தோளில் கைபோட்டிருக்கப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த மெர்சலின், அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, 'நாந்தான்' என்றாள். பிறகு வெள்ளைச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட ஆடினாள். மணப்பெண் மேலேயே விழுந்துவிட்டது, எவ்வளவு ராசி என்று நாங்கள் கைதட்டினோம். அவளுடைய அத்தை புளோரம்மாள் மட்டும் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தார்.

"ஏட்டி, கல்யாண நாளும் அதுவுமா இந்தப் பிள்ளைக்கா விழணும்? இது ஆருமில்லாதவியளுக்குல்லா விழுது!"

அப்புறம் யாரும் கைதட்டவில்லை. அவரவர் மனதில் பழைய கச்சேரிகள் எல்லாம் ஓடின. சவரிமுத்து சரி, அவனுக்கு யாருமில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்? எந்நேரமும் நாலு பேரோடு சிரித்துக்கொண்டே திரியும் சங்கத் தலைவர்? கணவன் கையைப் பிடித்துக்கொண்டே பாட்டைக் கேட்ட அந்த நர்ஸம்மா? அந்தந்தக் கூட்டத்தில் யார் எல்லோரையும்விடத் தனியாக இருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் பாட்டு விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் அவர்களுக்கு மாலை போட்டு, முதல் இலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு கச்சேரிக்கு வருவது ஆபத்தான காரியமாகிவிட்டது. வந்தவர்கள் காலை நாற்காலிக்கடியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஏனென்றால் வாயை அடக்கினாலும் கால் பெருவிரல் காட்டிக் கொடுத்துவிடும். மனைவிகள் புருஷன்மார் காலைப் பார்த்தார்கள், புருஷன்மார் மனைவிகளின் கொலுசைப் பார்த்தார்கள், எங்கே யாருடைய கால் அசைந்தாலும் வீட்டில் போய் ஒரு வாரம் சண்டை. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும்? டெல்பின் மைக்கை நீட்டுவாள், கூட்டத்தில் யாரோ ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்காதது போல் உட்கார்ந்திருப்பார், அவள் கை நீண்டபடியே நிற்கும், பிறகு திரும்பி வரும். பிறகு கச்சேரிகளே நின்றன. ரொம்பப் பழகியவர்கள் மட்டும், நீங்க பாடவெல்லாம் வேண்டாம்மா, சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க என்றார்கள். சமூகக்கூடத்துச் சுவரில் அவள் முகம் வெயிலில் வெளுத்து, மழையில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது, அதை எடுத்துப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் கஸ்பாரின் கொட்டகைக்குப் போனாள். வெள்ளி அலை எப்போதோ கலைந்திருந்தது, அவர் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார், டிரம்ஸ் மேலே தார்ப்பாயில் கட்டித் தொங்கியது. உள்ளே அவர் மனைவி மீன் வறுக்கும் வாசம் வந்தது.

"அண்ணே, என் கச்சேரி எல்லாத்துக்கும் வந்தியளாமே, ஞானபால் அண்ணன் சொன்னாரு."

"பக்கத்துல நடந்ததுக்கு வந்தேன்."

"ஒரு தடவையாவது ஒங்க மேல விழுந்துச்சா?"

கஸ்பார் எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இல்ல பிள்ள. எனக்கு எங்க விழும்? வீட்ல அவ இருக்கா, பிள்ளைய இருக்கு, சத்தம் தாங்க முடியல."

"பெறகு எதுக்கு வந்திய?"

"சும்மாதான்." கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஆனா முன்னால உக்காந்து பாத்தா எனக்கு நீ யாருன்னே பிடிபடல. ஒன் மூஞ்சி எனக்குப் பழக்கமில்லல்லா. முதுகுதான் தெரியும். சொல்லை விடப் போறதுக்கு முன்ன ஒனக்கு வலது தோள் லேசா ஏறும், அதப் பாத்துதான் நான் அடிப்பேன்."

மறுபடி சேர்ந்து வாசிப்போமா என்று அவள் கேட்கவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருமே அதற்குத்தான் காத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கள் கடற்கரையில் மீனைவிட அதிகமாக விளைகிறது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று கஸ்பாரின் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டார். பசிக்கவில்லை மைனி என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.

கோயில் திருவிழா வந்தது. கொடியிறக்கும் நாளில் ஊர்க்காரர் ஒருவர் பாட வேண்டும் என்பது பழைய வழக்கம், டெல்பினைத் தவிர ஊரில் பாடுகிற ஆள் வேறு யாருமில்லை, கூப்பிடாமல் இருந்தால் பழி வரும் என்று பயந்து கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள். கொடியிறக்கத்துக்குப் போகாமல் யாரும் வீட்டில் இருக்க முடியாது, ஆகவே சப்பரம் நிலைக்கு வந்த பிறகு, வெயில் சாயும் நேரத்தில், நாங்கள் எல்லோரும் பந்தலில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தோம். டெல்பின் பழைய ஜிகினாப் பாவாடையோடு மேடை ஏறினாள். ஞானபால் வழக்கம்போல மைக்கை ஊதிப் பார்த்து, 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் பாடினாள். மைக்கை நீட்டினாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி பாடினாள், நீட்டினாள். யாரோ ஒருவர் அழுத்தமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம், ஒரு விரல்கூட அசையவில்லை. அப்போதுதான் டெல்பினின் முகம் மாறியது. யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல அவள் திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. பாடிக்கொண்டே காதில் கைவைத்துப் பார்த்தாள், பிறகு கையை எடுத்தாள். முன்னால் நீண்டிருந்த மைக் மெதுவாக அவள் நெஞ்சுக்கே திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அய்யோ, அவ மேலயே விழுந்துட்டு," என்றார் புளோரம்மாள்.

எத்தனை பேர் மேலோ விழுந்த பாட்டு கடைசியில் பாடினவள் மேலேயே வந்து விழுந்திருந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தனக்கு அது எப்படிக் கேட்டது என்று அவள் பிறகு சொன்னாள். முதலில் யாரோ ஒருத்தி பாடுகிறாள் என்றுதான் நினைத்தாளாம், கொஞ்சம் கரகரத்த, வயசான ஒருத்தி, நல்லாத்தான் பாடுகிறாள் பாவம் என்று தோன்றியதாம். 'கதவைத் தட்டாம உள்ள வந்தது யாரு?' என்று அந்தக் குரல் கேட்டதும், பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் கடைசிச் சொல்லை ஒருநாளும் அவள் பாடியதில்லை. வாயைத் திறந்தாள், அது வரவில்லை.

கஸ்பார் எழுந்தார். எழுந்து, மரியாதையாக உட்கார்ந்திருந்த எங்களையெல்லாம் மிதிக்காத குறையாகத் தாண்டி, மேடையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய் ஏறினார். டிரம்ஸ் இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். எங்களைப்போல அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. டெல்பின் அவர் வந்ததைப் பார்க்கவில்லை, மைக் நெஞ்சோடு இருந்தது, எந்த இடத்தில் சொல் விடப்படுகிறது என்று முன்னால் இருந்த எங்களுக்கு ஓர் அடையாளமும் இல்லை. அவர் அவளுடைய வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாக ஏறியது. கஸ்பார் நாற்காலியில் ஓங்கி ஓர் அடி அடித்து, "நாந்தான்!" என்றார்.

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு தரம் குலுங்கியது. மறுபடி பாடினாள், மறுபடி தோள் ஏறியது, இந்தத் தடவை கஸ்பாரோடு சவரிமுத்துவும் சேர்ந்துகொண்டான். அடுத்த தடவை, திருவிழாவுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மெர்சலின் எழுந்து நின்று கத்தினாள், அவள் புருஷன் அவளைப் பார்த்தான், பிறகு அவனும் கத்தினான். ஹெட்மாஸ்டர், நர்ஸம்மா, சங்கத் தலைவர், உதட்டைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், அதற்கப்புறம் எங்களுக்கு எந்த மரியாதையும் ஞாபகமில்லை. கேட்காத ஒரு கேள்விக்கு, கஸ்பாரின் அடியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதும் ஒரே வாயாக "நாந்தான்!" என்று கத்தியது. கோயில் முகட்டில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

அந்தச் சத்தம் வந்து மோதிய கணத்தில் டெல்பினின் காதில் அவள் குரல் நின்றுபோனது. நடு வரியில், வந்ததைப் போலவே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பாடுவதை நிறுத்தாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது யாரிடம் போயிருக்கும் என்று கூட்டத்தில் தேடினாள். நாங்களும் எங்கள் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேடினோம். கடைசியில் மேடை ஓரத்தில், ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில், குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருந்த ஒருவரின் செருப்பில்லாத கால் மண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

டெல்பின் அந்த ஓரத்துக்கு நடந்துபோய், மேடை விளிம்பில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டினாள். கஸ்பார் அடிக்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம், இந்தத் தடவை பாட்டு விழுந்தவர் ஆரம்பித்ததும் கூடவே கத்துவதற்காக. அந்த மைக்கில் அதுவரை 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்பதைத் தவிர வேறு எதுவுமே சொல்லியிராத ஞானபால், ஒயரைக் கீழே போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி, "நாந்தான்" என்றார்.